குக்கர் தலையனின் குளிர் அறை

எங்கள் வீட்டில் ஏசி இருக்கிறது. யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. அது யாருக்காக ஓடுகிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் வலியப் போய்ச் சொன்னதில்லை.

கடைசி மாடி வீடு. வெயில் காலம் வந்துவிட்டால் கூரையே இறங்கி வந்து நம் தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு படுக்கையறைகள். ஒன்றில் நானும் என் கணவரும், காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறியும். இன்னொன்று எங்கள் மகளுடையது. அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும், அவளுடைய கட்டிலைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே சாத்திவிட்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி அடித்து, ஏசி மாட்டி, அதை பொம்மைகளுக்குக் கொடுத்துவிட்டார் என் கணவர்.

பொம்மைகள் என்று பன்மையில் சொன்னாலும் ஆள் ஒருவன்தான். முன்னொரு காலத்தில் ஒரு விண்வெளிப் படம் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. அதில் கப்பலின் கதவருகே மூன்று காவலர்கள் நிற்பார்கள். மூன்றாமவன் படம் முழுக்க ஒரு வார்த்தை பேசமாட்டான். தலையில் கவசம், அதன் உச்சியில் ஒரு குமிழ். கப்பல் உடையும்போது மூடப்போகிற கதவைத் தோளால் தாங்கிப் பிடித்து மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்புவான். அப்புறம் கதவு மூடிக்கொள்ளும். அவனுக்கு அவ்வளவுதான் வேலை. என் கணவர் அவனை மரியாதையாக ‘மூணாம் காவலன்’ என்பார். எனக்கு அவன் குக்கர் தலையன். விசில் போடாத குக்கர்.

என் கணவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க அடுத்தவர்களுக்காகக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கிற வேலை. கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவன்மேல் அவருக்கு ஏன் இத்தனை பாசம் என்று யோசித்துப் பார்த்தால் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் மட்டும் வெக்கை குறைந்துவிடுமா?

இதில் பெரிய கூத்து என்னவென்றால், குக்கர் தலையனுக்கு அசல் பொம்மையே கிடையாது. படம் படுத்துவிட்டதால், பொம்மை செய்ய உரிமை வாங்கியிருந்த கம்பெனி முதல் இரண்டு காவலர்களோடு கடையைக் கட்டிவிட்டது. மூன்றாமவனுக்கு மாதிரி செய்தார்களாம், அச்சு எடுக்கவில்லையாம். ஆனால் எங்கெங்கோ இருந்த பிளாஸ்டிக் பட்டறைக்காரர்கள் உரிமையாவது ஒன்றாவது என்று, வேறு ஏதோ பொம்மையின் உடம்பில் இவன் தலையை ஒட்டிச் சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள். ஊதா நிறத்தில் ஒருவன். இரண்டு கையும் இடக்கையாக ஒருவன். மாலுமித் தொப்பிக்கு மேலேயே கவசம் போட்ட ஒருவன். முதுகில் எதற்கென்றே தெரியாத குதிரை வாலோடு ஒருவன். இப்படி அலமாரி முழுக்கப் போலிகள். உலகத்தில் எல்லாரும் போலி வந்துவிடுமோ என்று பயந்து அசலைத் தேடுவார்கள். என் வீட்டுக்காரர் அசல் வந்துவிடுமோ என்று பயந்து போலியைத் தேடுகிறார்.

அதிலும் தரம் உண்டு. ஒருமுறை தபாலில் வந்த பெட்டியைப் பிரித்தவர் முகம் வாடி உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, உடைஞ்சிருக்கா?”

“ஏமாத்திட்டான். இது ஒரிஜினல் இல்ல.”

“ஒரிஜினல்தான் இல்லவே இல்லையே?”

“ஒரிஜினல் போலி இல்லன்னு சொல்றேன். இது போலியப் பாத்துப் பண்ணின போலி. கழுத்துக்குக் கீழ பாரு, அச்சு ஒட்டின கோடு எவ்வளவு தடிப்பா இருக்கு.”

பார்த்தேன். எனக்கு ஒரு கோடும் தெரியவில்லை. அவருக்குத் தெரியும். தலைமுடி அளவுக்கு ஒரு பிசிறு இருந்தாலும் அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணைப் பற்றித்தான் நான் சொல்ல வருகிறேன்.

சொந்தக்காரர்களிடம் குறைப்பட்டுக்கொண்டால் எடுபடாது. என் நாத்தனாரிடம் ஒருமுறை சொன்னேன். “குடிக்கிறாரா அண்ணி? சீட்டாடுறாரா? வேற வீடு வச்சிருக்காரா? பொம்மைதானே, வச்சுட்டுப் போறார்” என்று முடித்துவிட்டாள். உண்மைதான். கை நீட்டமாட்டார், குரல் உயர்த்தமாட்டார், சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து என்னிடம் தருவார். குறை சொல்ல ஒரு நல்ல காரணம்கூட இல்லாத ஆளோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு களைப்பு என்று யாருக்குச் சொல்லிப் புரியவைப்பது?

போலிகள் மட்டும் இருந்தவரைக்கும் ஏசி பகலில்தான் ஓடியது. வெயிலில் அந்த மட்டமான பிளாஸ்டிக் பிசுபிசுத்துவிடும், பொம்மை வந்த அட்டைப் பெட்டிகள் வளைந்துவிடும் என்பார். பிறகு மெழுகு வந்தது.

அந்தக் கம்பெனிக்காக மூன்றாம் காவலனை முதன்முதலாக மெழுகில் செதுக்கிய சிற்பி எங்கேயோ இறந்துபோனாராம். அவருடைய மருமகன் பரணைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு சுற்றி இது கிடந்ததாம். இவரைப் போலவே பொம்மை சேர்க்கிற கூட்டாளி ஒருவர் துப்புக் கொடுத்து, இவர் லீவு போட்டுப் போய், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். திறந்து காட்டினார். கட்டைவிரல் உயரம், பழுப்பு நிறம், வண்ணம் கிடையாது. முதுகில் சிற்பியின் விரல்ரேகை ஒன்று பதிந்திருந்தது. அதைக் காட்டும்போது என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளை அனுப்பிவைத்த அன்றுகூட இந்த மனிதர் அழவில்லை. ஸ்டேஷனில் லிப்ட் கதவு சரியாக மூடவில்லை என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ஒண்ணுதான்மா. உலகத்துலயே இது ஒண்ணுதான்” என்றார்.

நானும் ஒன்றுதான் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவருடைய சந்தோஷத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து ஏசி நிற்பதில்லை. மெழுகுக்குப் பக்கத்தில் வெப்பத்தையும் ஈரத்தையும் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. வேலையிலிருந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் முதலில் அதைப் பார்ப்பார். பிறகுதான் “சாப்டியா?” என்று என்னைக் கேட்பார்.

எனக்கு உடம்பில் ஒரு சூடு தொடங்கியதும் மெழுகு வந்த அதே வெயில் காலத்தில்தான். நான் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். விரிப்புகளை நீராவி உருளையில் விட்டு மடித்து அடுக்குவது. வெக்கை எனக்குப் புதிதில்லை. ஆனால் இது வேறு. வெளியிலிருந்து வருவதில்லை. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பைப் பற்றவைத்தமாதிரி கிளம்பி, கழுத்தில் ஏறி, முகத்தில் எரிந்து, ரவிக்கையெல்லாம் நனைந்து, அப்புறம் நடுங்கவைத்துவிட்டுப் போகும். சற்றுக் கண்ணயர்ந்தால் எழுப்பிவிடும். தலையணை உறையை மாற்றிப் போட்டுப் படுத்தால் மறுபடியும் எழுப்பும். தூங்கி எத்தனை நாளாயிற்று என்பதே மறந்துபோய், வேலையில் நின்றுகொண்டே கண் சொக்க ஆரம்பித்தேன். ஒருநாள் உருளைக்குள் விரிப்போடு என் கையும் போகப் பார்த்தது. கூட வேலை செய்யும் அக்காதான் பிடித்து இழுத்தாள்.

“மாதவிலக்கு நிக்கிற நேரம்டி. எனக்கு மூணு வருஷம் ஆட்டி வச்சுது” என்றாள் அக்கா. “டாக்டரப் பாரு. வீட்டுல சொன்னியா?”

“தெரிஞ்சிருக்கும்க்கா. பக்கத்துலதானே படுத்திருக்காரு.”

“ஆம்பளைக்குத் தானாத் தெரியுமா? வாயுள்ள புள்ளதான் பொழைக்கும். வாயத் தொறந்து கேளு.”

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். காப்பியைக் குறைக்கச் சொன்னார். “முடிஞ்சா குளிர்ச்சியான ரூம்ல படுங்க. வீட்டுல ஏசி இருக்கா?” என்றார். இருக்கிறது என்றேன். “அப்புறம் என்ன கவலை?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்புக்கும் சேர்த்து ஏதாவது மாத்திரை எழுதலாமா என்பதுபோல யோசித்தார்.

ஆனாலும் நான் கேட்கவில்லை. ஏன் என்று மகள்கூடத் தொலைபேசியில் திட்டினாள். “என் ரூம்தானேம்மா அது. நான் குடுக்கிறேன், நீ போய்ப் படு.” கேட்டால் கொடுத்துவிடுவார் என்று எனக்கும் தெரியும். அதுதான் சங்கடம். கேட்டு வாங்கினால் ஏசிதான் கிடைக்கும். எனக்கு வேண்டியது, கழுத்துக்குக் கீழே கோடு தடிப்பாக இருப்பது தெரிகிற அந்தக் கண், பக்கத்தில் ஒருத்தி தெப்பமாக நனைந்து கிடப்பதை ஒரே ஒரு முறை தானாகப் பார்ப்பது. அதற்காகக் காத்திருந்தேன். வீம்பு என்றால் வீம்புதான். தூக்கமும் இல்லை, வீம்பும் இல்லை என்றால் என்னிடம் வேறு என்ன இருக்கும்?

பொம்மை அறைக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அதன் வழியாகக் கொஞ்சம் குளிர் கசியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தைக் கூட்டும்போது பாதத்தில் அது பட்டது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே தரையில் படுத்து, முகத்தை அந்த இடுக்கில் வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பூனை மீன் வாசனைக்கு அப்படித்தான் வந்து படுக்கும். வெட்கமாகத்தான் இருந்தது. சுகமாகவும் இருந்தது. பிறகு அதுவே வழக்கமாகி, அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ஒரு துண்டை விரித்து அந்தக் கதவோரம் அரைமணி கண்ணை மூடுவேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனாலும் பொரி பொரிதானே.

ஒருநாள் அவர் சாயங்காலம் சீக்கிரம் வந்துவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கத் தோன்றியது, ஆனால் பார்க்கட்டும் என்று கிடந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் தலைமாட்டில் நின்றார்.

“ஏம்மா, இங்க படுத்திருக்க?”

“இங்கதாங்க கொஞ்சம் ஜில்லுனு வருது.”

குனிந்தார். என் முகத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டினார். நெற்றியைத் தொடப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கை கதவு இடுக்குக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

“அடடா” என்றார். “ஆமா, வருது.”

எழுந்து ஏதோ யோசனையோடு போனார். ஐம்பது வயதில், பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் என்ன சொல்லி அனுப்பப் போகிறார்களோ என்று காத்திருக்கும் பெண்போல இருந்தேன். என்னமோ புரிந்துவிட்டது இவருக்கு, நாளைக்கு ஏதோ செய்யப் போகிறார் என்று நம்பினேன்.

செய்தார். மறுநாள் வேலையிலிருந்து வரும்போது லிப்ட் கதவுக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் பட்டை ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்தார். கதவைக் கழற்றிப் படுக்கப்போட்டு, அடியில் பசை தடவி, பட்டையை ஒட்டி, திருகும் முடுக்கி, கதவை மறுபடி மாட்டினார். திறந்து மூடிப் பார்த்தார். தரையில் மண்டியிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஒரு பொட்டுக் காற்று வெளியே வரவில்லை.

“நல்ல வேளை நீ சொன்ன” என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. “இவ்வளவு நாளா குளிரெல்லாம் வீணா வெளிய போயிருக்கு. எனக்குத் தோணவே இல்ல பாரு.”

முகத்தில் அப்படி ஒரு திருப்தி. என்னைப் பாராட்டுகிறார் வேறு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே குரங்கு பிடித்ததற்குக் கைதட்டலும் கிடைத்தது. நான் கதவருகே இருந்த துண்டை எடுத்து மடித்தேன். மடிக்கும்போதுதான் அழுகை வந்தது. அழுகையா கோபமா என்று பிரித்துப் பார்க்கிற தெம்பெல்லாம் போய்விட்டது.

“உங்களுக்குக் கண்ணு இருக்கா?” என்றேன்.

“என்னம்மா ஆச்சு?”

“எத்தனை வாரமா நான் தூங்கலன்னு தெரியுமா? உடம்பு அடுப்பா எரியுது. தெனம் தலகாணி நனைஞ்சு கெடக்கு. டாக்டர் குளிர்ச்சியா இருக்கிற எடத்துல படுன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு அந்தக் கதவு இடுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. அதையும் ரப்பர் வச்சு அடைச்சுட்டு வந்து என்னப் பாராட்டுறீங்க.”

ஸ்க்ரூ டிரைவர் கையிலேயே இருக்க அப்படியே நின்றார். அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. அது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. தெரிந்தும் சும்மா இருந்திருந்தால் அவரை வெறுத்திருப்பேன். தெரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

“நீ சொல்லவே இல்லையே” என்றார்.

“இப்ப சொல்லிட்டேன்.”

“அப்ப அங்க படுத்துக்கோ. இதுக்குப் போயி... சொல்லியிருந்தா அன்னைக்கே...” பாதி வாக்கியங்களாக வந்தன. உடனே எங்கள் அறையிலிருந்து மெத்தையைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரிகளுக்கு நடுவில் விரித்தார். நாங்கள் இரண்டு பேரும் படுக்கிற பெரிய மெத்தை. ஓர் ஆள் நடக்க மட்டும் இடம் விட்டு அடங்கியது. மெழுகு பொம்மையின் அலமாரியை மட்டும் ஒரு துணியால் மறைத்தார். எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தாரா, அவனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தாரா, நான் கேட்கவில்லை.

அடுத்த நாள் எனக்கு விடுமுறை, அவருக்கும். மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு உள்ளே போனேன். கதவைச் சாத்தியதும் குளிர் வந்து உடம்பைப் போர்த்திக்கொண்டது. பழக்கத்தில் சுவரோரமாக என் பாதியில் படுத்தேன். அவர் பாதியில் அவர் தலையணையையும் போட்டுவைத்தேன். வெளியே பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. வருவார் என்று நினைத்தேன். அவருக்கும்தானே வேர்க்கிறது. இரண்டு பேரும் அப்படி ஒரு குளிரில் பக்கத்தில் பக்கத்தில் படுத்து எத்தனையோ காலமாயிற்று. மேலே வரிசையாகக் குக்கர் தலையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

தூக்கம் என்றால் அது தூக்கம். கல்லாகக் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண் விழித்தபோது அவர் மெத்தைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் மீட்டர். அதை என் தோளுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கி, எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அசையாமல் அவரையே பார்த்தேன். வேலைக்குப் போகிற முகம் இல்லை, வீட்டு முகமும் இல்லை. அலமாரி முன்னால் நிற்கும்போது மட்டும் வருகிற முகம். இத்தனை வருஷத்தில் அந்த முகம் என் பக்கம் திரும்பி நான் பார்த்ததில்லை.

“முழிச்சுட்டியா?” என்றார். “உனக்கு இவ்வளவு சூடு வருதாம்மா? எனக்குத் தெரியவே தெரியாது. இங்க பாரு, உன் பக்கத்துல வச்சா எப்படி ஏறுதுன்னு.”

“ம்” என்றேன். பார்த்துவிட்டார், கடைசியில் பார்த்துவிட்டார் என்று இருந்தது. கையை நீட்டி அவர் கையைப் பிடிக்கப் போனேன்.

“அதான் யோசிக்கிறேன்” என்றார். “நீ படுத்ததிலேர்ந்து ரூம்ல ரெண்டு டிகிரி ஏறியிருக்கு. ஏசி எவ்வளவு இழுத்தாலும் இறங்க மாட்டேங்குது. மெழுகு தாங்காது. நீ தப்பா நினைக்கலன்னா, தலைய இங்கிட்டுக் கதவுப் பக்கம் வச்சு, கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிறியா?”

நீட்டிய கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“முடியாது” என்றேன். “வேணும்னா அவனத் தள்ளி வைங்க.”

கத்தவில்லை. தூக்கக் கலக்கத்தில் மெதுவாகத்தான் சொன்னேன். அவரும் கோபப்படவில்லை. லிப்ட்டில் என்ன கோளாறு என்று கேட்டுக்கொள்வதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மீட்டரைப் பார்த்தார். துணி மறைத்த அலமாரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நியாயமாகத்தான் யோசித்தார் என்று சொல்லவேண்டும். எழுந்து போய் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்தார். மெழுகுக்காரனைப் பஞ்சோடு எடுத்து, பிள்ளையைத் தொட்டிலில் விடுவதுபோல உள்ளே இறக்கி மூடினார்.

“நீ தூங்கு. நான் வெளிய வச்சுப் பாத்துக்கிறேன்” என்றார்.

போகும்போது தரையில் கிடந்த தன் தலையணையைத் தாண்டிப் போனார். அது நான் போட்டுவைத்த இடத்திலிருந்து நழுவி விழுந்திருந்தது. கீழே பார்த்தால்தானே தெரியும். இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் கதவை இழுத்துச் சாத்தினார். கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. அந்த வெக்கையில், மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டிருக்கலாம், கூப்பிட்டால் வந்திருப்பார். மெத்தையில் பாதி இடம் காலியாகத்தான் கிடந்தது.

கொஞ்ச நேரம் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறகு மெத்தையின் நடுவுக்கு நகர்ந்தேன். கையையும் காலையும் நன்றாக நீட்டிக்கொண்டேன். தூக்கம் உடனே வந்துவிட்டது.